மூச்சு வெட்டிய பாட்டு

செவ்வாய்

இன்று வகுப்பில் லியோனார்ட் சார் என் பாட்டை மூன்று முறை ஓட்டினார். முதலில் ஸ்பீக்கரில், பிறகு ஹெட்போனில், கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு. முடிந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அபிகெயில், இத பாடுனது யாரு?"

"பிரேமளா அக்கா சார். லாபிஸ்ல இருக்காங்க."

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல சார். வாட்ஸப்லதான் பேசுவோம். அவங்களே பாடி அனுப்பிடுவாங்க."

"பேசுவீங்களா, எழுதுவீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "எழுதுவோம் சார்."

பின்வரிசையில் ஷான் சிரித்தது கேட்டது. சார் சிரிக்கவில்லை. திரையில் பாட்டின் அலைக்கோட்டைப் பெரிதாக்கி, ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். அங்கே ஒன்றுமில்லை. கோடு தட்டையாகக் கிடந்தது.

"மூச்சு எங்க? முழுசா ஒரு பாட்டு. ஒரு இடத்துலயாவது மனுஷன் மூச்சு இழுக்க வேணாமா? நீ வெட்டுனியா?"

"இல்ல சார், வரும்போதே இப்படித்தான் வந்துச்சு. சின்னச் சத்தத்த மட்டும் நான் க்ளீன் பண்ணேன்."

"என்ன சத்தம்?"

"டிக் டிக்னு ஏதோ, சார். அங்கங்க இருந்துச்சு. எடுத்துட்டேன்."

சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். இந்த அரையாண்டுத் தவணையிலிருந்து எங்கள் கல்லூரியில் ஒரு விதி வந்திருக்கிறது. கணினி உருவாக்கிய குரலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்தால் சொந்த இசைத் திட்டம் செல்லாது. நான் 'பாடியவர் பிரேமளா' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அடுத்த செவ்வாய்க்குள்ள அவங்கள கூட்டிட்டு வா. முடியலன்னா, அவங்க பாடுன ஒரிஜினல வெட்டாம கொண்டு வா. ரெண்டும் இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

திட்டம் செல்லாமல் போனால் தவணையைத் திரும்பப் படிக்க வேண்டும். எனக்குத் திரும்பப் படிக்க வழியில்லை. பகலில் தெப்ராவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. இந்தத் தவணை முடியும்வரை மட்டும் மாலை ஓவர்டைமிலிருந்து என்னை விட்டுவைப்பதாகச் சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் கேட்டால் வேலை மாறிக்கொள் என்பார். ஆகவே இந்தப் பாட்டு தேறினால்தான் இந்தப் படிப்பு நிலைக்கும்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஷான் பக்கத்தில் வந்தான்.

"அலமாக் அபி, ரெண்டு மாசமா ஒரு மெஷினுக்கு அக்கா அக்கான்னு எழுதியிருக்க லா."

"வாய மூடு."

"சாப்டாச்சாக்கான்னு கேட்டியா? சாப்டேன் தங்கச்சின்னு சொல்லிச்சா?"

சொல்லியிருக்கிறது. மீதிப் படிகளை அவனுக்கு முன்னால் வேகமாக இறங்கினேன்.

புதன், கேன்டீனில்

தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பகுதியில் இருக்கிறேன். கன்வேயரில் வரும் மூடிகளில் கோணலானதைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். நாள் முழுக்க மூடிகளைச் சந்தேகப்படுவதுதான் சம்பளம். அந்தக் கண்ணோடு பிரேமளா அக்காவை ஏன் பார்க்கவில்லை? பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் இருக்கும்.

என் திட்டம் எளிமையானது. ஒரே பாட்டு. தம்போயிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பற்றி நானே எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து, கலவை செய்து கொடுப்பது. எல்லாம் செய்யலாம், பாட மட்டும் எனக்கு வராது. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவிலேயே என்னைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கத்தான் நிறுத்துவார்கள். ஜொகூர் பாடகர்களுக்கென்று இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் 'ஒரு பெண் குரல் தேவை' என்று போட்டேன். பலர் படம் அனுப்பினார்கள், பாடிய மேடைகளைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நான் கொடுத்திருந்த வரியைப் பாடி அனுப்பினார்.

'ஜன்னல் ஓரம் ஓர் இடம் வை, வந்துகொண்டே இருக்கிறேன்.'

அதைக் கேட்டபோது இதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தட்டிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போனது.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் கோணலாகத் தெரிகிறது. முகப்புப் படத்தில் ஆள் இல்லை, செம்பருத்திப் பூ. அழைத்தால் எடுப்பதில்லை. வீடியோவில் வரச் சொன்னபோது 'முடியாது தங்கச்சி, மன்னிச்சுக்கோ' என்று எழுதினார். பாட்டுகள் மதிய வேளையில் மட்டும்தான் வரும். ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால், மறுநாள் அதே வேளையில், அதே சுருதியில், அந்த வரி மட்டும் வந்து நிற்கும். குரலுக்குப் பின்னால் ஒரு வீடே இல்லை. விசிறிச் சத்தம் இல்லை, கோழி இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார் இல்லை. பஞ்சுப் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஒரு குரல்.

அப்புறம் மைக். நல்ல பதிவு வேண்டுமென்று போனில் செருகும் என் மைக்கையே அனுப்பி வைத்தேன். வீட்டு முகவரி கேட்டதற்கு அவர் ஒரு மளிகைக் கடையின் முகவரியைக் கொடுத்தார். 'வீட்டுக்கு அனுப்ப வேணாம்.' ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நேற்று அந்த டிக் டிக் சத்தம் உள்ள பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துக் கேட்டேன். நான் எதையும் அழிப்பதில்லை. டிக்குகளுக்கு இடையே ஒழுங்கான இடைவெளி இல்லை. சில கிட்டக் கிட்ட, சில தள்ளி. ஒட்டுப் போட்ட இடங்களில் விழும் சத்தம் என்று முடிவு செய்தேன். மெஷின் ஒட்டிய பாட்டு.

ஆனாலும் ஒரு பக்கம், என் காதை நம்பி ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றுகிறது. காலையில் கேட்டால் மெஷின். மதியம் கேட்டால் மனுஷி.

அவருக்கு எழுதினேன்: 'அக்கா, சார் நீங்க பாடினத நம்ப மாட்டேங்கிறார். ஒரே ஒரு முறை நேர்ல வர முடியுமா? இல்லன்னா வெட்டாத ரெக்கார்டிங் இருக்கா?'

படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பதில் வர மதியம் ஆயிற்று: 'வர முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். என்ன விட்டுடு அபி.'

ஒன்றும் மறைக்காதவர் இப்படி எழுதுவாரா?

ஷானிடம் காட்டினேன். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிளம்புவோம். என் மைவி கார் இருக்கு. கடை அட்ரஸ் இருக்கில்ல? போய்ப் பாத்துடலாம்" என்றான்.

திங்கள், கேன்டீனில்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

லாபிஸ் போய்ச் சேரும்போது நல்ல வெயில். கடையில் ஒரு பெரியம்மா வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெயர்ப் பலகையிலேயே பெயர் இருந்தது, வெள்ளையம்மா. நான் பிரேமளா என்றதும் நிமிர்ந்தார்.

"ஸ்டேசன் கதிரேசு ஐயா மருமகளா? ஆமா, அதுக்கு இங்க பார்சல் வரும். நாந்தான் வாங்கி வைப்பேன். நீங்க யாரு?"

மெஷின் இல்லை. மருமகள். ஒரு நிம்மதி வந்தது, உடனே அடுத்த சந்தேகமும் வந்தது. இந்த மருமகள்தான் பாடினாரா? நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

"ஒரு பாட்டு விஷயமா வந்தோம்மா. அவங்க நல்லா பாடுவாங்களா?"

வெங்காயம் அவர் கையில் நின்றது.

"பாட்டா? அந்த வீட்டுல ஏது பாட்டு? மகன் விஜயேந்திரன் ரோட்டுல அடிபட்டுச் செத்து இன்னும் ஆட்டைத் திவசம்கூட வரலியே. டிவிய துணி போட்டு மூடி வச்சிருக்காரு ஐயா. நம்மாளுங்க பதினாறோட எந்திரிச்சிடுவோம். அவுங்க சிலோன்காரவுங்க, வருசம் முடியிற வரைக்கும் நல்லது ஒண்ணும் கிடையாது. அந்தப் புள்ள பாடுதா? யாரு சொன்னா?"

ஷான்தான் முந்திக்கொண்டான். "யாரும் சொல்லலம்மா. இவ ஆள மாத்திப் பேசுறா. ரெண்டு ஐஸ் தண்ணி குடுங்க."

"மாத்திப் பேசுறாளா?" என்று வெள்ளையம்மா என்னையே பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்து, "ஐயா, உங்க மருமகளத் தேடித்தான் வந்திருக்காங்க" என்றார்.

திரும்பினேன். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டையில் உயரமான ஒரு பெரியவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஷானைப் பார்த்தார். தலையிலிருந்து செருப்புவரை.

"வெயில்ல நிக்க வேண்டாம். வீட்டுக்கு வாங்கோ" என்றார்.

ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர் கதிரேசு ஐயா. வீடு ரயில் பாதைக்கு அப்பால் இருந்தது. முன்னறையில் மாலை போட்ட படம், எரியும் விளக்கு, துணி மூடிய டிவி. முன்வாசலில் ஒரு பழைய சாகா கார் பளபளவென்று துடைத்து நின்றது. ஷானை நாற்காலியிலும் என்னைச் சோபாவிலும் உட்கார வைத்தார், நடுவே தான் உட்கார்ந்தார்.

தேநீர் கொண்டுவந்தவர் வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். வாட்ஸப்பில் என் படத்தைப் பார்த்திருப்பார்; என்னைக் கண்டதும் தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின.

"இது... அபி, மாமா. தெரிஞ்ச பிள்ளை."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. கரகரவென்று, தொண்டையில் மணல் இருப்பது மாதிரி ஒரு குரல். என் பாட்டில் இருப்பது இந்தக் குரலே இல்லை.

"தெரிஞ்ச பிள்ளை சரி," என்றார் ஐயா. "தம்பி யாரு?"

"ஷான், அங்கிள். கூடப் படிக்கிறேன். சும்மா காரோட்டிட்டு வந்தேன்."

"யாரோட கூட?"

"இவளோட, அங்கிள். அபியோட."

ஐயா நம்பியதாகத் தெரியவில்லை. பிரேமளா அக்கா சாவி மாட்டியிருந்த ஆணியிடம் போனார். "மாமா, காரை ஸ்டார்ட் பண்ணிட்டு வந்துடறேன். இந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்."

"பிள்ளை வரட்டும். தம்பி இங்க இருக்கட்டும்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா சொன்னார். அவருடைய கணவரின் கார் அது. விற்க ஐயாவுக்கு மனமில்லை, ஓட்டவும் அவருக்குத் தெரியாது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் மதியம் அக்கா ஒரு சுற்று ஓட்டி வருவாராம். செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் திருப்பி, ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஏர்கானும் நின்றது. வெளியே உலகம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

டிக்.

எங்கிருந்தோ. எங்கள் காலுக்குக் கீழே.

டிக், டிக். பிறகு கொஞ்சம் பொறுத்து, டிக்.

சூடான இரும்பு ஆறும் சத்தம். முதலில் கிட்டக் கிட்ட வந்தது, அப்புறம் தள்ளித் தள்ளி. நான் எதை மெஷின் போட்ட ஒட்டு என்று நினைத்துத் துடைத்தேனோ, அது இந்தக் காருடைய அடிவயிறு. விசிறி இல்லாத, கோழி இல்லாத வீடும் இதுதான்.

"இங்கதான் பாடுனீங்களா?"

"வேற எங்க பாடுறது?"

"மூச்சு ஏங்க்கா இல்ல? அதனாலதான் சார்..."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "பாடும்போது சரியா இருக்கு. வரி முடிஞ்சு மூச்சு எடுத்தா அழற மாதிரி கேட்குது. நான் அழல. ஆனா அப்படித்தான் கேட்குது. உன் பாட்டு பஸ் பாட்டு, அதுல எதுக்கு அது? போன்லயே உக்காந்து வெட்டிட்டு அனுப்புவேன். மிச்சத்த அழிச்சிடுவேன். மாமா போனை எடுத்துப் பாப்பாருன்னு இல்ல. பாத்தா என்ன சொல்றதுன்னு."

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "இப்ப ஒரு தடவை பாடுறீங்களா? வெட்டாம? சாருக்குக் காட்ட..."

"கடையில என்ன கேட்ட?" என்றார் அவர் திடீரென்று.

"நீங்க நல்லா பாடுவீங்களான்னு..."

"வெள்ளையம்மா காதுல போட்டாச்சா? சாயங்காலத்துக்குள்ள ஸ்டேசன் வரைக்கும் போயிடும். புருஷன் செத்து வருஷம் திரும்பல, காருக்குள்ள உக்காந்து பாட்டுப் பாடுறாளாம்னு. எனக்கு இருந்தது இந்த ஒரு மணி நேரம். இனிமே அதுவும் இல்ல." கரகரப்பு இன்னும் கூடியிருந்தது. "நீ என்ன சந்தேகப்பட்டு வந்த அபி?"

"நீங்க நிஜமா இருக்கீங்களான்னு..." என்று உளறினேன்.

அவர் ஒரு மாதிரி சிரித்தார். சாவியைத் திருகினார்.

நாங்கள் திரும்பியபோது ஐயா வாசல் கதவருகிலேயே நின்றார். அக்கா இறங்கும்வரை பொறுத்தார். கோபமாகப் பேசவில்லை. டிக்கெட் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவது மாதிரி, நிதானமாகப் பேசினார்.

"பிள்ளை, நான் கொஞ்ச நாளா பாக்குறன். பேட்டரிக்குப் பத்து நிமிஷம் ஓட்டினா போதும். நீ போனா ஒரு மணி நேரம். போன் எந்நேரமும் கையில. பார்சல் வீட்டுக்கு வராம கடைக்கு வருது. நான் ஒண்ணும் கேக்கல. நீயா சொல்லுவாய் எண்டு இருந்தன். இண்டைக்கு ஒரு தம்பி வந்து வீட்டுல இருக்கிறார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அக்காவைச் சந்தேகப்பட்ட ஒவ்வொரு காரணத்தையும் ஐயாவும் வைத்திருந்தார். அவர் சந்தேகம் வேறு, அவ்வளவுதான். சான்று என்று நான் ஷானையே கொண்டுவந்து அவர் முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.

அக்கா ஒன்றும் மறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் துக்க வீட்டில் பாடியவள், சொல்லாவிட்டால் அதைவிட மோசம். யாரையும் கேட்காமல் என் போனை எடுத்தேன்.

"தாத்தா, அப்படி ஒண்ணும் இல்ல. அக்கா எனக்காகப் பாட்டுப் பாடுனாங்க. என் படிப்புக்கு. இதக் கேளுங்க."

கார் கூரைமேல் போனை வைத்துப் பாட்டை ஓடவிட்டேன். என் பாட்டு அந்த முன்வாசலில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓடியது. ஐயா தலை குனிந்து கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"இது எங்கட பிள்ளையின்ர குரல் இல்ல. இது ரேடியோக்காரர் ஆரோ. என்னை ஏமாத்த வேண்டாம்."

லியோனார்ட் சாரே நேரில் வந்து சொன்னது போலிருந்தது. பிரேமளா அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நான் எதிர்பார்க்கவில்லை, கார்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க மாமா."

"எதுக்கு?"

"நம்ப வேணாம். வந்து பாருங்க."

ஐயா செருப்பைச் சரிசெய்துகொண்டு பின் சீட்டில் ஏறினார். நான் முன்னால். கைப்பையிலிருந்து அக்கா எடுத்துக் கொடுத்த என் மைக்கைப் போனில் செருகி மடியில் பிடித்துக்கொண்டேன். அதே மண் பாதை, அதே மேடு. எஞ்சின் நின்றது. டிக், டிக் தொடங்கியது. கண்ணாடியில் ஐயாவின் முகம் தெரிந்தது. பரிசோதகர் முகம்.

அக்கா பாடினார்.

கரகரப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரி என் பாட்டில் உள்ளபடியே வந்தது. வரி முடிந்தது. அவர் மூச்சை இழுத்தார். தொண்டைக்குள் எதையோ இழுத்து நிறுத்துவது மாதிரி ஒரு சத்தம். அடுத்த வரி சுத்தமாக வந்தது, மறுபடி அந்த மூச்சு. ஜன்னல் ஓரம் ஓர் இடம் வை என்ற வரியில் பின்னால் ஐயா இருமினார். இருமலா, வேறா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை ஆடாமல் பிடித்திருப்பது ஒன்றுதான் என் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. டிக்குகூட நின்றுவிட்டிருந்தது.

"வீட்டுக்குள்ள வேண்டாம்," என்றார் ஐயா. "ஆட்டைத் திவசம் முடியுமட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம்."

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். "சரி மாமா."

"அந்தப் பள்ளிக்கூடத்துத் தாளில பிள்ளையின்ர பேர் போடவும் வேண்டாம். கடையில ஏற்கெனவே கேட்டாச்சு."

"பேர் போடாம ஏத்துக்க மாட்டாங்க தாத்தா," என்றேன்.

யோசித்தார். "கதிரேசு வீட்டார் எண்டு போடும். மேல விவரம் வேணுமெண்டா என்னோட பேசச் சொல்லும்." நம்பரைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்த்தார்.

திரும்பும் வழியில் யொங் பெங் ஊர் தாண்டியதும் ஷான் ஆரம்பித்தான். நாங்கள் முதல் தடவை காரில் போனபோது ஐயாவிடம் தனியாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா பேரு, தாத்தா பேரு, எந்த சர்ச், எங்க வேலை, எத்தன மணிக்கு வூட்டுக்குப் போவேன், எல்லாம் கேட்டுட்டாரு. சிங்கப்பூர் கஸ்டம்ஸ்லகூட இவ்ளோ கேக்க மாட்டான் லா."

"நீ என்ன சொன்ன?"

"உண்மையத்தான் சொன்னேன். அதான் நம்பல."

செவ்வாய்

இன்று கொடுத்தேன். பழைய சுத்தமான குரலை எடுத்துவிட்டு, காரில் பதிந்ததை வைத்து நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து கலவை செய்தது. 'பாடியவர்: கதிரேசு வீட்டார்.'

லியோனார்ட் சார் ஹெட்போனில் கேட்டார். இருமல் வந்த இடத்தில் புருவத்தைத் தூக்கினார்.

"மூச்சு இருக்கு. ஆனா ஒண்ணு தெரியுமா? இப்பல்லாம் மூச்சும் போடலாம், இருமலும் போடலாம்."

அதை நானும் யோசித்திருந்தேன். திரையில் பாட்டை விரித்து, அடியில் நின்ற மெல்லிய கோடுகளைக் காட்டினேன். "இதப் பாருங்க சார். ஆரம்பத்துல கிட்டக் கிட்ட இருக்கு. போகப் போகத் தள்ளிப் போகுது. கடைசியில இல்ல."

"என்ன இது?"

"கார் எஞ்சின் சார். ஆறுது."

சார் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "போன வாரம் பிரேமளான்னு எழுதின, இப்ப வீட்டார்னா யாரு? யாராவது உறுதி சொல்லணும் எனக்கு."

ஐயாவின் நம்பரைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார் ஐயா.

"வணக்கம், நான் ஜொகூர் காலேஜ்லருந்து..."

"ஆர் பேசுறது? முழுப் பேரைச் சொல்லும்."

சார் சொன்னார். ஐயா பதவியைக் கேட்டார், அதையும் சொன்னார். எத்தனை வருஷம் அங்கே வேலை என்று கேட்டார். சார் அதற்கும் சொன்னார். வகுப்பு முழுக்க அடக்கமாகச் சிரித்தது.

"சரி. இப்ப உமக்கு என்ன வேணும்?"

"அந்தப் பாட்டு... ஒரு மனுஷர்தான் பாடுனாங்களான்னு உறுதிப்படுத்த..."

"நான் பின் சீட்டுல இருந்தனான். வேற என்ன?"

வேறு ஒன்றும் இல்லை. சார் போனை வைத்துவிட்டு, 'பாடியவர்' என்ற இடத்தில் பேனாவால் ஒரு சரிக்குறி போட்டார். "சத்தத்துக்கு மார்க் கொறையும். அந்த டிக்க மட்டும் எடுத்துட்டா நல்லா இருக்கும். எடுக்குறியா?"

"வேணாம் சார்."

"கொறையும்னேன்."

"தெரியும் சார்."

வியாழன், கேன்டீனில்

மதியம் பிரேமளா அக்காவிடமிருந்து செய்தி வந்தது. வெள்ளையம்மா கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். நான் செய்த வேலை. மன்னிப்பு என்று எழுதினேன். அதற்குப் பதில் போடாமல், இதை எழுதினார்:

'மாமா தினமும் கூட வராரு. சாவிய அவரே எடுத்துக் குடுக்கிறாரு. பின்னால உக்காருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு.'

காவலுக்கு வருகிறாரா, கேட்க வருகிறாரா? நான் கேட்கவில்லை. அக்காவுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

கூடவே ஒரு பதிவும் இருந்தது. நான் கேட்காமலே அனுப்பியது, என் பாட்டுதான். ஒன்றும் வெட்டவில்லை. மூச்சு இருந்தது, டிக் இருந்தது. இருமல் வருமென்று அந்த வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிக் கவனித்தேன். பாட்டின் நடுவில் எங்குமே இல்லை.

கடைசி வரி முழுசாக முடிந்து, குரல் அடங்கிய பிறகுதான், அதுவரை பிடித்துவைத்திருந்த மாதிரி, பின் சீட்டிலிருந்து அந்த இருமல் வந்தது.